‘டோல்ட் தட்’ என்று எழுதினால் ஏன் திருத்துகிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறவர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு அவர் எழுதிய மெயிலில் மூன்று வரிகளை மேலதிகாரி திருத்தி அனுப்பியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. அந்த வரிகள்:

‘தி டையிங் மாஸ்டர் டோல்ட் தட் தி ஷேட் இஸ் ஓகே.’

‘ப்ளீஸ் ஸே அஸ் தி ஷிப்மென்ட் டேட்.’

‘வீ நீட் டு ஸ்பீக் அபௌட் தி பிரைஸ்.’

முதல் வரியில் ‘டோல்ட்’ போய் ‘செட்’ வந்திருக்கிறது. இரண்டாவதில் ‘ஸே’ போய் ‘டெல்’. மூன்றாவதில் ‘ஸ்பீக்’ போய் ‘டாக்’. “நாலுமே சொல்றது, பேசுறதுதானே. எதை எங்கே போடுவது? மூன்றாவது வரியில் இலக்கணத் தப்பே இல்லை என்று கூகுள் சொல்கிறது, பிறகு ஏன் மாற்றினார்?” என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதே ஊரில் பன்னிரண்டு வருடம் பையர்களுக்கு மெயில் எழுதிக் காலம் தள்ளியவன். இப்போது சாயங்காலங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த மூன்று வரிகளையும் ஏதோ ஒரு ரூபத்தில் வாரம் தவறாமல் பார்க்கிறேன். என் பழைய மெயில்களிலும் தேடினால் கிடைக்கும்.

(எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சே’ என்று எழுதினால் தமிழில் அலுத்துக்கொள்வது போல ஆகிவிடும். அதனால்தான் ‘ஸே’.)

முதல் வரியிலிருந்தே வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுவது அங்கேதான். தமிழில் “ஷேட் சரியா இருக்குன்னு மாஸ்டர் சொன்னார்” என்கிறோம். (ஷேட் என்பது துணியின் நிறச்சாயல், டையிங் மாஸ்டர் என்பவர் சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்கிறவர்.) யாரிடம் சொன்னார்? அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நம் மொழியில் இல்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம், மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம், சும்மா துணியைப் பார்த்துத் தலையாட்டியிருக்கலாம். ‘சொன்னார்’ எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். கேட்டவர் யார் என்பது வாக்கியத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆங்கிலத்தில் இந்த ஒரு வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘ஸே’ கையில் வைத்திருப்பது வார்த்தையை. ‘டெல்’ பிடித்திருப்பது எதிராளியின் காதை. ‘ஸே’ வந்தால் அடுத்து ‘என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் வர வேண்டும். ‘டெல்’ வந்தால் அடுத்த கேள்வி ‘யாரிடம்?’ அந்த ஆளை நிறுத்திவிட்டுத்தான் செய்திக்குப் போக முடியும். ‘ஹி டோல்ட் மீ தட்’ சரி, ‘ஹி செட் தட்’ சரி. ‘ஹி டோல்ட் தட்’ என்றால், இலை போட்டாயிற்று, உட்கார ஆளைக் காணோம் என்கிற நிலை. ஆங்கிலேயர் காது அந்த இடத்தில் ஒரு நொடி நின்று ஆளைத் தேடும்.

ஆகவே மாஸ்டர் வரிக்கு இரண்டு வழி உண்டு. ‘தி டையிங் மாஸ்டர் செட் தட்’ என்று ஆளை விட்டுவிடலாம். ‘டோல்ட் மீ தட்’ என்று ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலதிகாரி முதல் வழியைப் பிடித்தார், அவ்வளவுதான். பையருக்கு மாஸ்டர் யாரிடம் சொன்னார் என்பது தேவையில்லாத தகவல்.

வினைச்சொல்லுக்குள்ளேயே ஓர் ஆள் ஒளிந்திருப்பது நமக்குப் புதிதா என்றால், இல்லை. ‘தா’, ‘கொடு’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’. வாங்குகிறவர் நானோ நீயோ என்றால் தருவது. மூன்றாம் மனிதர் என்றால் கொடுப்பது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதை வரையறுத்தே வைத்திருக்கிறது: தருவதும் வருவதும் தன்மை முன்னிலைக்கு, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. நம் பேச்சில் இன்று இந்த வேலி கொஞ்சம் சாய்ந்துவிட்டது, ‘எனக்குக் குடு’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். மலையாளத்தில் இன்னும் சாயவில்லை. ‘எனக்குக் கொடு’ என்ற நம் பழக்கத்தில் அங்கே பேசினால் மலையாளிக்கு எப்படி இடறுமோ, அப்படித்தான் ‘டோல்ட் தட்’ ஆங்கிலேயருக்கு இடறுகிறது. பொருள் புரியும், ஆனால் இடறும்.

இந்தத் தப்பு தமிழிலிருந்து மட்டும் வரவில்லை என்பது என் சந்தேகம். பாதிப் பழி பள்ளிக்கூடத்தின் மேல் விழ வேண்டும். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி நினைவிருக்கிறதா? ‘செட் டு’ என்று இருந்தால் ‘டோல்ட்’ என்று மாற்று, மேற்கோள் குறியை எடு, ‘தட்’ போடு. ஐந்து மதிப்பெண். ‘ராமு செட் டு மீ’ என்பது ‘ராமு டோல்ட் மீ தட்’ ஆகும். அந்த விதியில் ‘மீ’ பத்திரமாக இருக்கிறது. பத்து வருடம் கழித்து மண்டையில் மிஞ்சுவதோ ‘அயற்கூற்று என்றால் டோல்ட் தட்’ என்பது மட்டும். ‘மீ’ வழியிலேயே விழுந்துவிட்டது. இங்கிலீஷ் மீடியத்தில் நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அந்தப் பயிற்சியையே செய்யாதவர்கள் ‘ஹி செட்’ என்று நேராகப் போய்விடுகிறார்கள், பிழைத்தும் விடுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் ‘தி கோர்ட் வாஸ் டோல்ட் தட்’ என்று வரும். ‘பார்த்தீர்களா, டோல்ட் தட் இருக்கிறதே’ என்று என் வகுப்பில் ஒருவர் கத்தரித்தே கொண்டுவந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கேட்டவர் காணாமல் போகவில்லை, இடம் மாறி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். நீதிமன்றத்திடம் சொல்லப்பட்டது, நீதிமன்றம்தான் கேட்டவர். ‘ஐ வாஸ் டோல்ட்’ என்றால் என்னிடம் சொன்னார்கள். சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் செய்தியை மட்டும் சொல்ல இது அருமையான வழி. மெயிலில் ‘வீ வேர் டோல்ட் தட் தி லேபிள்ஸ் வுட் கம் ஃப்ரம் யூ’ என்று எழுதினால், பையர் ஆபீசில் யார் சொன்னது என்று பெயர் போடாமலே பந்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். தமிழில் இதை ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்று மொழிபெயர்த்தால் அரசாணை வாசனை அடிக்கும். ‘சொன்னாங்க’ என்று எழுவாயே இல்லாமல் ஒரு வார்த்தையில் நாம் முடித்துவிடுவோம், அதுதான் அதற்கு ஈடு.

‘ஸே’ இந்த வித்தையைச் செய்யாது. ‘ஐ வாஸ் செட்’ என்று கிடையாது. ‘ஹி இஸ் செட் டு பி ரிச்’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. அவர் பணக்காரராம், அப்படி ஊரில் பேச்சு. நம்முடைய ‘ஆம்’ என்ற ஒற்றை விகுதி செய்கிற வேலையைச் செய்ய ஆங்கிலத்துக்கு அத்தனை வார்த்தை வேண்டியிருக்கிறது.

சரி, இரண்டாவது வரி. ‘ப்ளீஸ் ஸே அஸ் தி ஷிப்மென்ட் டேட்.’ ‘எங்களுக்குத் தேதியைச் சொல்லுங்க’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் இது வரும். ‘ஸே’ ஆளை நேரடியாகத் தொடாது; இடையில் ‘டு’ வேண்டும். அப்படியானால் ‘ஸே டு அஸ் தி டேட்’ என்று போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. இது இலக்கணத்தைத் தாண்டிய விஷயம்.

‘ஸே’ என்பது வாயிலிருந்து வருகிற ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஸே யுவர் நேம்’ என்றால் உங்கள் பெயரை உச்சரித்துக் காட்டுங்கள். மைக் டெஸ்ட் செய்கிறவர் அப்படிக் கேட்கலாம். ‘டெல் மீ யுவர் நேம்’ என்றால் உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, தெரியப்படுத்துங்கள். ஒன்றில் வருவது சத்தம், மற்றதில் வருவது தகவல். பையரிடம் நாம் கேட்பது தேதி என்ற தகவலை. தேதியை அவர் உச்சரித்துக் காட்ட வேண்டாம். ஆகவே ‘டெல் அஸ்’. அதே கோட்டில், ‘ஸே’க்குப் பின்னால் இயல்பாக வருகிறவை எல்லாம் வார்த்தைகளாகவே இருக்கும்: ஹலோ, ஸாரி, தேங்க்யூ, எஸ், நோ, எ வர்ட், எ ப்ரேயர். ‘ஸே ஸாரி டு ஹிம்’ என்று குழந்தைக்குச் சொல்லலாம், அந்த ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும் என்று அர்த்தம்.

எழுதி வைத்திருப்பதற்கும் ‘ஸே’ வரும். போர்டு ‘ஸேஸ்’, கடிகாரம் ‘ஸேஸ்’, மெயில் ‘ஸேஸ்’. நாம் ‘போர்டுல போட்டிருக்கு’ என்போம். ஆங்கிலத்தில் போர்டுக்கு வாய் உண்டு. உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது நானே எழுத்தைப் பார்த்து எழுதிவிட்டேன்: அது ‘ஸேஸ்’ இல்லை, ‘செஸ்’. சதுரங்கம் ஆடுகிற செஸ்ஸின் தொடக்கம் இல்லாமல், மெல்லிய ‘ஸ’வில் தொடங்கி ‘ஸ’வுக்கும் ‘ஜ’வுக்கும் நடுவில் முடியும். ‘செட்’டும் அப்படித்தான், ‘பெட்’டோடு எதுகையாக ஒலிக்க வேண்டும். ‘ஸெய்ட்’ என்று நீட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம்.

இன்னொரு ‘ஸே’ இருக்கிறது, மெர்ச்சண்டைசருக்கு ரொம்ப உபயோகம். ‘இஃப் வீ மேக், ஸே, 5000 பீசஸ்.’ ஒரு பேச்சுக்கு 5000 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் சொல்வதை எடுத்த இடத்தில் தமிழ் பேச்சை எடுத்திருக்கிறது, பாருங்கள். ‘ஹாவிங் எ ஸே’ என்பதும் அப்படியே. ‘அந்த வீட்ல எனக்குப் பேச்சே கிடையாது’ என்று புலம்புகிற மாமனாரை ஆங்கிலத்தில் புலம்பவிட்டால் ‘ஐ ஹாவ் நோ ஸே’ என்பார்.

‘டெல்’லுக்கு ஆள் கட்டாயம் என்றேன். அதற்கு விலக்கு உண்டு. ‘டெல் எ லை’, ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் தி டைம்’, ‘டெல் தி டிஃபரன்ஸ்’. பொய், உண்மை, கதை, ஜோக், நேரம், வித்தியாசம். இவற்றில் ஆள் இல்லாமலே ‘டெல்’ நிற்கிறது. ‘ஸே எ லை’ என்று யாரும் சொல்வதில்லை. இதை மனப்பாடம் செய்யச் சொல்லி விட்டுவிடலாம், பல ஆசிரியர்கள் அப்படித்தான் விடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் பிறப்பைச் சொன்னால்தான் திருப்தி.

பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்கு எண்ணுவது என்றும் பொருள். வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவருக்கு ‘டெல்லர்’ என்று பெயர் வந்தது அதனால்தான். அவர் வாடிக்கையாளரிடம் எதையும் சொல்வதற்காக அங்கே உட்காரவில்லை. தெருமுனை ஏடிஎம்மின் நடு எழுத்தும் அதே டெல்லர்தான். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாம் எண்ணி, மொத்தத்தில். ஜெபமாலை உருட்டுவதை ‘டெல்லிங் பீட்ஸ்’ என்பார்கள், மணிகளை எண்ணுவது. ஆங்கிலத்தின் உறவுக்கார மொழியான ஜெர்மனில் ‘ட்ஸேலென்’ என்றால் எண்ணுவது, அதன் முன்னே ஒரு சிறு ஒட்டைச் சேர்த்து ‘எர்ட்ஸேலென்’ என்றால் கதை சொல்வது. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைப்பது என்பதுதான் அடிப்பொருள்: காசானால் எண்ணிக்கை, சம்பவமானால் கதை. தமிழில் எண்ணுவது நினைப்பதோடு போய்ச் சேர்ந்துகொண்டது, அங்கே சொல்வதோடு சேர்ந்துகொண்டது.

இப்போது அந்த விலக்குகளைத் திரும்பிப் பாருங்கள். கதையும் ஜோக்கும் வரிசையாக எடுத்து வைக்கிறவை. நேரமும் வித்தியாசமும் பார்த்துக் கணக்கிடுகிறவை. ‘ஐ கான்ட் டெல்’ என்றால் ‘சொல்ல மாட்டேன்’ என்பதில்லை, ‘எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை’. இரண்டு ஷேட் கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பையர் ‘ஐ கான்ட் டெல் தி டிஃபரன்ஸ்’ என்றால் நமக்கு நல்ல காலம், சாம்பிள் பாஸ். தமிழிலும் இந்த வழக்கு இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘துணியைத் தொட்டுப் பார்த்தாலே சொல்லிடலாம், இது காம்ப்டு இல்லன்னு.’ (காம்ப்டு என்றால் சீவிச் சுத்தம் செய்த பஞ்சில் நூற்றது.) இங்கே ‘சொல்லிடலாம்’ என்றால் கண்டுபிடித்துவிடலாம். இந்த இடத்தில் தைரியமாக ‘டெல்’ போடலாம், ‘ஸே’ போடக் கூடாது.

அப்புறம் ‘டெல்’லுக்கு ஒரு மிரட்டல் முகம் உண்டு. என்னை வருடக்கணக்கில் பாதித்தது அதுதான். தமிழில் ‘வரச் சொன்னேன்’ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ‘டாக்டரை வரச் சொல்லியிருக்கோம்’, ‘தாத்தா உன்னை வரச் சொன்னார்’, ‘தாத்தாவை வரச் சொன்னேன்’ எல்லாம் ஒரே சொல். பணிவும் அதிகாரமும் குரலில் இருக்கும், வினையில் இருக்காது. ஆங்கிலத்தில் ‘டெல்’லுக்குப் பின்னால் ஆளும், அதற்குப் பின்னால் ‘டு’ சேர்ந்த வினையும் வந்தால் அது உத்தரவு. வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு பையருக்கு ‘ஐ டோல்ட் யூ டு சென்ட் தி ஆர்ட்வொர்க் லாஸ்ட் வீக்’ என்று எழுதினேன். மனதில் இருந்தது ‘போன வாரமே அனுப்பச் சொல்லியிருந்தேனே’ என்கிற பாவமான நினைவூட்டல். பதில் ஒரே வரியில் வந்தது: ‘யூ டிட் நாட் டெல் அஸ். யூ ஆஸ்க்ட் அஸ்.’ ஆர்ட்வொர்க் அதற்கடுத்த வாரம்தான் வந்தது.

அன்றிலிருந்து என் அளவுகோல் இது: தமிழில் ‘செய்யச் சொன்னேன்’ என்று வருகிற இடத்தில், எதிராளி என்னிடம் சம்பளம் வாங்குகிறவரோ என் பிள்ளையோ இல்லையென்றால், கை தானாக ‘ஆஸ்க்’குக்குப் போக வேண்டும். ‘ஐ ஆஸ்க்ட் தி டாக்டர் டு கம்.’ சம்பளம் வாங்குகிறவர்களிடமும் ‘ஆஸ்க்’ போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஒரு நிபந்தனை: இந்த எச்சரிக்கை உத்தரவுக்கு மட்டும். ‘ஐ டோல்ட் யூ தட் தி ஷிப்மென்ட் வாஸ் லேட்’ என்பதில் உத்தரவு இல்லை, தகவல்தான்.

இரண்டாவது வரியின் உறவுக்காரச் சொற்கள் சிலவற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘ஸே அஸ்’ என்று எழுதுகிறவர் நாளைக்கு ‘எக்ஸ்ப்ளெய்ன் அஸ்’, ‘சஜஸ்ட் அஸ்’, ‘மென்ஷன் அஸ்’ என்றும் எழுதுவார். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘எங்களுக்கு’ என்ற நான்காம் வேற்றுமையே போதும். ஆங்கிலத்தில் டெல், கிவ், ஷோ, டீச், சென்ட் போன்ற வீட்டுச் சொற்கள் ஆளை நேராக மடியில் உட்காரவைத்துக்கொள்ளும்: ‘ஷோ அஸ் தி சாம்பிள்’. எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட், டிஸ்க்ரைப், மென்ஷன், அனௌன்ஸ் எல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழியாகப் பின்னால் வந்தவை. வெளியூர் விருந்தாளிகள் மாதிரி ஒரு ‘டு’ இடைவெளி விட்டுத்தான் பழகும். ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு அஸ்.’ எல்லா விருந்தாளியும் அப்படியில்லை, ‘ப்ராமிஸ்’, ‘ஆஃபர்’ இரண்டும் வீட்டோடு கலந்துவிட்டன. ‘தே ஆஃபர்ட் அஸ் எ டிஸ்கவுன்ட்’ என்று சொல்லலாம்.

‘இன்ஃபார்ம்’ மட்டும் ‘டெல்’லின் மறுபிறவி. அதற்கும் ஆள் வேண்டும். ‘ஹி இன்ஃபார்ம்ட் தட்’ என்பது நம் நாட்டு ஆங்கிலத்தில், செய்தித்தாள்களில்கூட, தினம் வருகிறது. நம்மூருக்குள் யாரும் திருத்த மாட்டார்கள். வெளியூர் பையருக்குப் போகிற மெயிலில் ‘இன்ஃபார்ம்ட் அஸ் தட்’ என்று ஆளைச் சேர்த்துவிடுங்கள். அதேபோல ‘ஆன்ஸர் மீ’, ஆனால் ‘ரிப்ளை டு மீ’. இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, பழகிக்கொள்வதுதான்.

இனி மூன்றாவது வரி. எனக்குப் பிடித்தது.

ஸ்பீக்கும் டாக்கும் வேறு குடும்பம். சொல்வதற்கும் பேசுவதற்கும் நாம் பார்க்கிற வித்தியாசம் அப்படியே இங்கே வேலை செய்யும், கவலை வேண்டாம். ‘அவன் வரேன்னு பேசினான்’ என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ஹி ஸ்போக் தட்’, ‘ஹி டாக்ட் தட்’ என்று ஆங்கிலத்திலும் சொல்வதில்லை. சொன்ன செய்தி வாக்கியத்துக்குள் வந்தால் ஸே, டெல். பேசியது என்ற செயல் மட்டும் வந்தால் ஸ்பீக், டாக். இந்த ஒரு விஷயத்தில் நம் தாய்மொழி நமக்கு முழு உதவி.

இந்த இரண்டுக்குள் யார் யார் என்பதில்தான் தமிழ்நாட்டுத் தமிழ் கைவிடுகிறது. ஈழத் தமிழைக் கேட்டால் விடை கிடைக்கிறது! யாழ்ப்பாணத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் ‘கதைக்கிறது’ என்பார்கள். ‘நாங்கள் கனநேரம் கதைச்சம்.’ கதை என்ற பெயரிலிருந்து பிறந்த வினை. ஆங்கில ‘டாக்’கும் அதே வழியில் வந்ததுதான், கதை என்ற பொருளுள்ள ‘டேல்’ என்ற சொல்லின் குடும்பத்தில் பிறந்தது. மேலே பார்த்த ‘டெல்’லும் அந்தக் குடும்பமே. ‘டாக்’ என்றால் இரண்டு பேர் உட்கார்ந்து கதைப்பது, பேச்சு அங்கும் இங்கும் போய் வருவது. பன்மையில் ‘டாக்ஸ்’ என்றால் பேச்சுவார்த்தை. ‘டாக் சம்படி இன்டு’ என்றால் பேசிப் பேசியே ஒருவரைச் சம்மதிக்க வைப்பது.

‘ஸ்பீக்’ அவ்வளவு நெருக்கமானதில்லை. குரல், மொழி, மேடை இவற்றின் பக்கம் நிற்கும். ‘ஷி ஸ்பீக்ஸ் ஃப்ரெஞ்ச்’ என்றால் அந்த மொழி தெரியும். இந்த இடத்தில் ‘டாக்ஸ் ஃப்ரெஞ்ச்’ என்று வராது. அதனால்தான் ஊரெல்லாம் போர்டில் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று இருக்கிறது. போனில் ‘மே ஐ ஸ்பீக் டு’ என்று கேட்பது மரியாதை. மறுமுனையில் இருப்பவரே அந்த ஆள் என்றால் ‘ஸ்பீக்கிங்’ என்ற ஒரு சொல்லில் பதில் வரும். குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் இரண்டில் எதையும் போடலாம், அங்கே சண்டை இல்லை. ‘ஸ்பீக் டு’, ‘ஸ்பீக் வித்’ இரண்டும் சரி, ‘வித்’ அமெரிக்கர்களிடம் அதிகம் பார்க்கலாம்.

ஈழத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. அங்கே ‘பேசுறது’ என்றால் பல இடங்களில் திட்டுவது. ‘அம்மா என்னைப் பேசினவ’ என்றால் அம்மா ஏசினார் என்று பொருள். கதைக்கிறது சிநேகம், பேசுறது கண்டிப்பு. ஆங்கிலத்து ‘ஸ்பீக்’குக்கும் அந்த நிழல் உண்டு. மேனேஜர் ‘ஐ வில் ஸ்பீக் டு ஹிம்’ என்று சொன்னால் பெரும்பாலும் அந்தப் பையனுக்கு இன்றைக்கு அர்ச்சனை. ‘டாக்’குக்கும் ‘எ டாக்கிங் டு’ என்று திட்டு வாங்கிக் கொடுக்கும் ஒரு சொற்கட்டு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சொற்கள் நாம் போடுகிற கோட்டுக்குள் முழுசாக அடங்குவதில்லை. இருந்தாலும் எடை போட்டால் ‘ஸ்பீக்’ பக்கம்தான் கனம்.

இப்போது ‘வீ நீட் டு ஸ்பீக் அபௌட் தி பிரைஸ்’ என்ற வரியைப் பையர் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். இலக்கணம் சரி, கூகுள் சொன்னது சரி. ஆனால் முகத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு எழுதியது போலிருக்கிறது: விலை விஷயமாக உங்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. விலையைக் கூட்டப்போகிறீர்களோ, ஆர்டரை விடப்போகிறீர்களோ என்று அவர் யோசிப்பார். ‘டாக்’ என்று மாற்றினால் கதைக்கலாம் வாங்க என்ற தொனி வந்துவிடும். உங்கள் மேலதிகாரி மாற்றியது அந்த முகத்தைத்தான்.

நானாக இருந்தால் ‘நீட்’டையும் எடுத்துவிட்டு ‘குட் வீ டிஸ்கஸ் தி பிரைஸ்?’ என்று கேள்வியாகப் போட்டிருப்பேன். ‘டிஸ்கஸ்’ போட்டால் ‘அபௌட்’டைக் கையோடு அடித்துவிடுங்கள்; பற்றி என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.